குதிரைத் தோலில் புண்ணும் கட்டியும்: காரணத்தை எப்படிக் கண்டுபிடிப்பது?

பங்குனி மாதக் கடைசியில் எங்கள் செவலைப் பெட்டைக்குக் கண்ணின் உள் ஓரத்தில் ஒரு சின்னப் புண் வந்தது. முள் கீறியிருக்கும் என்று நினைத்து வேப்பெண்ணெயில் மஞ்சள் குழைத்துப் போட்டோம். பத்து நாளில் ஆற வேண்டிய கீறல் ஆறவில்லை. மூன்று வாரத்தில் அது கொட்டைப்பாக்கு அளவுக்குச் சிவந்து புடைத்து, தொட்டாலே ரத்தம் கசியும் சதையாக நின்றது. பார்த்தவர்கள் ஆளுக்கொரு பெயர் சொன்னார்கள். ஒருவர் புற்று என்றார். இன்னொருவர் சூட்டுக்கட்டி என்றார். மயில்துத்தம் வைத்து எரித்துவிடுங்கள் என்று சொன்னவரும் உண்டு.

கடைசியில் வந்த கால்நடை மருத்துவர் புண்ணைத் தொடுவதற்கு முன்னால் கேள்விகள்தான் கேட்டார். எப்போது ஆரம்பித்தது? கண்ணைத் தூணில் தேய்க்கிறதா? போன வருடமும் இதே மாதத்தில் எங்காவது புண் வந்ததா? கடைசியாக எப்போது குடற்புழு மருந்து கொடுத்தீர்கள்? லத்தியை எங்கே கொட்டுகிறீர்கள்? கண்ணில் வந்த புண்ணுக்கும் கொட்டகைக்குப் பின்னால் இருக்கும் லத்திக் குவியலுக்கும் என்ன சம்பந்தம் என்று அன்று எனக்குப் புரியவில்லை. புரிந்த பிறகு குதிரையின் தோலை நான் பார்க்கும் விதமே மாறிவிட்டது. புதிதாகக் குதிரை வளர்க்க ஆரம்பித்தவர்களுக்காக அதை இங்கே எழுதுகிறேன். படித்துவிட்டு நீங்களே வைத்தியம் பார்க்க வேண்டும் என்பதற்காக எழுதவில்லை. மருத்துவர் கேட்கும்போது சரியான பதில் உங்களிடம் இருக்க வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

முதலில் ஓர் அடிப்படை விஷயம். தோலுக்குச் செய்யத் தெரிந்த காரியங்கள் மிகக் குறைவு. முடி கொட்டும், தடிக்கும், கசியும், பொருக்குத் தட்டும், சதை வளர்க்கும். உள்ளே இருப்பது பூஞ்சையோ, புழுவோ, பாக்டீரியாவோ, புற்றோ, சேணம் அழுத்திய அழுத்தமோ, எதுவானாலும் தோல் இந்தச் சிலவற்றில் ஒன்றைத்தான் செய்ய முடியும். அதனால்தான் முற்றிலும் வேறு வேறு நோய்கள் ஒரே முகத்தோடு வருகின்றன. புண் எவ்வளவு அசிங்கமாக இருக்கிறது என்பதை வைத்து எதையும் சொல்ல முடியாது. அது எங்கே வந்தது, எவ்வளவு வேகத்தில் வந்தது, அரிக்கிறதா, மேலே முடி இருக்கிறதா, எந்தப் பருவத்தில் வந்தது என்பதில்தான் காரணம் ஒளிந்திருக்கிறது.

பெயரைத் தவறாக வைத்தால் வைத்தியம் நேர் எதிராகப் போய்விடும். ஸ்டீராய்டு மருந்து பூச்சிக்கடித் தடிப்பைத் தணிக்கும். அதையே படர்தாமரை மேல் தடவினால் பூஞ்சை இன்னும் பரவும். நீரில் இருந்து வரும் ஒருவகைப் புண்ணை எவ்வளவு சீக்கிரம் அறுத்து எடுக்கிறோமோ அவ்வளவு நல்லது. சார்காய்டு என்ற கட்டியை அரைகுறையாகச் சீண்டினால் முன்பைவிட வேகமாக வளரும். இன்னொரு நோய்க்கு மருந்தே போடக் கூடாது. அதிலிருந்தே ஆரம்பிக்கிறேன். அரிதாகத்தான் வரும் என்றாலும், முதலில் தெரிந்துகொள்ள வேண்டியது அதுதான்.

வரிசையாக வரும் கட்டி

கிளாண்டர்ஸ் என்ற பாக்டீரியா நோய் குதிரை, கழுதை, கோவேறு கழுதை மூன்றுக்கும் வரும். மனிதருக்கும் தொற்றும், தொற்றினால் உயிருக்கே ஆபத்து. முதல் உலகப் போரின்போது எதிரி நாட்டுப் படைக்குதிரைகளை வீழ்த்த ஜெர்மனியின் ஒற்றர்கள் இந்தக் கிருமியை ஆயுதமாகவே பயன்படுத்தினார்கள். இந்தியாவில் ஓய்ந்திருந்த இந்த நோய் 2006இல் மறுபடி தலைகாட்டியது. அதன்பின் பல மாநிலங்களில் அவ்வப்போது கண்டறியப்பட்டு வருகிறது.

இதன் தோல் வடிவத்துக்கு ஃபார்சி என்று பெயர். தோலுக்கு அடியில் நிணநீர் நாளங்கள் ஓடும் வழியிலேயே, பெரும்பாலும் கால்களின் உட்புறத்தில், கட்டிகள் கிளம்பும். கயிற்றில் அங்கங்கே முடிச்சுப் போட்டது போல வரிசையாக இருக்கும். முடிச்சுகளுக்கு இடையில் நாளமே தடித்துப் போயிருப்பதைக் கையால் உணரலாம். பிறகு ஒவ்வொன்றாக உடைந்து, தேன் போலப் பிசுபிசுப்பான சீழ் வடியும். ஒன்று ஆறுவது போலத் தெரியும்போது பக்கத்தில் இன்னொன்று எழும்பும். கூடவே ஒரு மூக்கிலோ இரண்டிலுமோ பிசினாகச் சளி வடிந்தால், மூக்கின் உட்சுவரில் புண் இருந்தால், சந்தேகம் இன்னும் வலுக்கும். குதிரைகளில் இது மாதக்கணக்கில் மெதுவாக இழுத்துக்கொண்டு போகலாம். கழுதைகளுக்கும் கோவேறு கழுதைகளுக்கும் வேகமாக வரும்.

வரிசைக் கட்டி என்றாலே கிளாண்டர்ஸ் என்று முடிவு கட்டிவிட முடியாது. நிணநீர் நாளத்தைத் தாக்கும் ஒரு பூஞ்சை நோயும், இன்னொரு பாக்டீரியா நோயும் ஏறக்குறைய இதே தோற்றத்தில் வரும். ரத்தப் பரிசோதனைதான் பிரித்துச் சொல்லும். நம் நாட்டில் இதற்கான தலைமை ஆய்வகம் ஹரியானாவின் ஹிசாரில் உள்ள தேசிய குதிரையின ஆராய்ச்சி மையம். அதுவரை நாம் செய்ய வேண்டியது: சீழில் கை வைக்காமல் இருப்பது, குதிரையைத் தனியாகக் கட்டுவது, அதன் வாளி, தொட்டி, துணி எதையும் மற்றதற்குப் பயன்படுத்தாமல் இருப்பது, கால்நடைத் துறைக்குச் சொல்வது. 2009ஆம் ஆண்டின் விலங்கு நோய்த் தடுப்புச் சட்டப்படி இது கட்டாயம் அறிவிக்க வேண்டிய நோய். உறுதியானால் குதிரையைக் கருணைக்கொலை செய்வார்கள்; அரசு இழப்பீடு உண்டு. இதை எழுதும்போது எனக்கே மனம் கனக்கிறது. ஆனாலும் பயந்து மறைத்து வைத்தால் பக்கத்துக் கொட்டகையும் போகும், குதிரையைத் தேய்த்துவிடும் பையனுக்கும் தொற்றும்.

ஆடி மாதம் அந்தியூர் குருநாதசாமி கோயில் திருவிழாவில் கூடும் சந்தைக்குப் போனால், வாங்க வருகிறவர்கள் குதிரையின் சுழியை எவ்வளவு நுணுக்கமாகப் பார்க்கிறார்கள் என்பது தெரியும். ஒரு சுழி தள்ளியிருந்தால் பேரமே நின்றுவிடும். அதே கவனத்தோடு இரண்டு மூக்குத் துளைகளையும் பாருங்கள், நான்கு கால்களின் உட்பக்கத்தையும் தடவிப் பாருங்கள், வாலைத் தூக்கிப் பாருங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். பல ஊர்க் குதிரைகள் ஒன்றுசேரும் இடத்தில் தொற்றும் சேர்ந்தே வரும்.

கையால் பார்ப்பது

நல்ல பகல் வெளிச்சத்தில், கையுறை போட்டுக்கொண்டு, முகத்திலிருந்து வால் வரை முழுக் குதிரையையும் தடவிப் பாருங்கள். கண்ணுக்குத் தெரிந்த ஒரு புண்ணை மட்டும் பார்த்துவிட்டு விடக் கூடாது. காது மடல், பிடரி மயிருக்கு அடி, தாடைக்குக் கீழே, முன்கால் அக்குள், அடிவயிற்றுப் பட்டை இறுகும் இடம், தொடை இடுக்கு, மடி அல்லது ஆண்குறி உறை, வாலின் அடிப்பக்கம். குதிரை ஆரோக்கியமாக இருக்கும்போதே வாரம் ஒருமுறை இப்படித் தடவும் பழக்கம் இருந்தால், புதிதாக ஒன்று வந்தால் விரலுக்கே தெரிந்துவிடும்.

கட்டி கிடைத்தால் அதன் மேல் முடி இருக்கிறதா என்று பாருங்கள். முடி கலையாமல் இருந்தால் பிரச்சினை தோலுக்கு அடியிலோ ஆழத்திலோ இருக்கிறது. முடி கொட்டிப் பொருக்காக இருந்தால் மேல்தோலில் இருக்கிறது. விரலால் அழுத்துங்கள். குழி விழுந்தால் உள்ளே நீர் கோத்திருக்கிறது. கல் மாதிரி இருந்தால் வேறு கதை. சூடாக இருக்கிறதா, அழுத்தும்போது குதிரை விலகுகிறதா என்பதும் முக்கியம். உடம்புச் சூட்டையும் பார்த்துவிடுங்கள். ஆசனவாயில் தெர்மாமீட்டர் வைத்துப் பார்த்தால் நல்ல குதிரைக்கு 37.5 முதல் 38.5 டிகிரி செல்சியஸ் இருக்கும். தோல் புண்ணோடு காய்ச்சலும் இருந்தால் நோய் தோலோடு நிற்கவில்லை என்று அர்த்தம்.

அரிப்பைக் குதிரை வாய் திறந்து சொல்லாது. கொட்டகைத் தூணில் ஒட்டியிருக்கும் முடி சொல்லும். வாலின் மேல்பகுதி கலைந்து துடைப்பம் போல நின்றால், பிடரி மயிர் அங்கங்கே உடைந்திருந்தால், அது ராத்திரி முழுக்கத் தேய்த்துக்கொண்டிருக்கிறது. பெரும்பாலும் கண்ணுக்குச் சரியாகத் தெரியாத குட்டிக் கொசுவினப் பூச்சிகளின் கடிக்கு வரும் ஒவ்வாமை அது. அந்தியிலும் விடியலிலும் இந்தப் பூச்சிகள் அதிகம் கடிக்கும். அந்த நேரத்தில் குதிரையைக் கொட்டகைக்குள் வைத்து வேகமாக ஒரு மின்விசிறி ஓடவிட்டாலே பாதி கடி குறையும். அவற்றால் காற்றை எதிர்த்துப் பறக்க முடியாது.

அப்புறம், வீட்டில் வேறு யாருக்கு? பக்கத்துக் குதிரைக்கும் இருக்கிறதா, பராமரிப்பவரின் கையில் வட்டமாகச் சொறி இருக்கிறதா என்று கேட்க மறந்துவிடுவோம். ஒரே கேள்வியில் பாதி காரணங்கள் கழிந்துபோகும்.

ராத்திரியில் வந்தது, மாதக்கணக்கில் வந்தது

நேற்று மாலை இல்லாத கட்டிகள் இன்று காலை உடம்பெல்லாம் எழும்பியிருந்தால் அது பெரும்பாலும் ஒவ்வாமைத் தடிப்பு. மெத்தென்று இருக்கும், அழுத்தினால் குழி விழும், மேலே முடி அப்படியே இருக்கும். புதுத் தீவனம், புதிதாகப் போட்ட ஊசி, பூச்சிக்கடி, புது மருந்துத் தெளிப்பு என்று கடந்த இரண்டு நாளில் மாறியது என்ன என்று யோசியுங்கள். பென்சிலின் ஊசிக்குக்கூட இப்படி வரும். ஓரிரு நாளில் தானே அடங்கிவிடும். ஆனால் மூக்கு, உதடு, இமை வீங்கி மூச்சு இழுக்க ஆரம்பித்தால் ஒரு நிமிடமும் தாமதிக்கக் கூடாது. தடிப்போடு விட்டுவிட்டுக் காய்ச்சல், அடிவயிற்று வீக்கம், மெலிவு எல்லாம் சேர்ந்து வந்தால், மாட்டு ஈ கடித்துப் பரப்பும் சர்ரா நோய்க்கு ரத்தம் எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள்.

முதுகிலும் பிடரி முடியும் இடத்திலும் பயறு முதல் நெல்லிக்காய் அளவு வரை உருண்டையாக, உறுதியாக, வலியோ அரிப்போ இல்லாமல் கட்டிகள் இருந்தால், மேலே முடியும் கலையாமல் இருந்தால், பூச்சிக்கடிக்கு உடம்பு காட்டிய எதிர்வினையாக இருக்க வாய்ப்பு அதிகம். புற்று வகை அல்லாத கட்டிகளில் குதிரைகளிடம் மிகச் சாதாரணமாகக் காண்பது இதுதான். சேணத்துக்கு அடியில் மாட்டிக்கொண்டால்தான் தொல்லை.

சேணம் என்றதும் ஒன்று சொல்லியாக வேண்டும். சேணத்தாலும் கடிவாளத்தாலும் வண்டிப் பட்டையாலும் வரும் புண்ணுக்கு நோய்ப் பெயர் தேடவே வேண்டாம். அந்தப் பொருளை எடுத்துப் புண்ணோடு பொருத்திப் பார்த்தால் போதும். சவாரி முடிந்து சேணத்தை இறக்கியதும் முதுகைப் பாருங்கள். சுற்றிலும் வியர்த்திருக்க, நடுவில் ஒரு திட்டு மட்டும் காய்ந்திருந்தால் அங்கே அழுத்தம் அதிகம். அந்த இடத்தில் பின்னால் வெள்ளை முடி முளைத்தால், பழைய காயத்தின் தழும்பு அது. மெரினாவில் சவாரி விடும் குதிரைகளுக்குப் பட்டைக்கும் தோலுக்கும் நடுவில் மணல் சிக்கிக்கொண்டால் உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பது போலத்தான். எந்த ஆயின்ட்மென்ட்டும் அதை ஆற்றாது. ஓய்வும், சுத்தமான மெத்தைத் துணியும், பொருந்தும் சேணமும்தான் ஆற்றும்.

வட்டமாக முடி கொட்டிச் சாம்பல் நிறச் செதில் தட்டினால் படர்தாமரை. ஆரம்பத்தில் வட்டம்கூடத் தெரியாது. சேணம் படும் இடத்தில் சில முடிக் கற்றைகள் மட்டும் நட்டுக்கொண்டு நிற்கும். கிருமி ஒட்டி ஒன்று முதல் நான்கு வாரம் கழித்துத்தான் வெளியே தெரியும் என்பதால், கண்டுபிடிக்கும்போது ஒரே பிரஷ்ஷால் தேய்த்த எல்லாக் குதிரைகளுக்கும் போயிருக்கும். பூஞ்சை வித்துகள் பிரஷ்ஷிலும் துணியிலும் மரத்திலும் பல மாதங்கள் உயிரோடு இருக்கும். மனிதருக்கும் ஒட்டும். குதிரைக்கொரு பிரஷ் என்று வைத்துக்கொள்வது செலவே இல்லை.

மழைக்காலத்தில் முதுகிலும் பிட்டத்திலும் தடித்த பொருக்குகள் வந்தால், ஒன்றை மெதுவாகத் தூக்கிப் பாருங்கள். பெயின்ட் பிரஷ் மாதிரி ஒரு கொத்து முடி பொருக்கோடு சேர்ந்து வரும், அடியில் ஈரமான ரோஜா நிறத் தோல் தெரியும். மழைப்பொருக்கு இது. பூஞ்சை என்று பலர் நினைத்தாலும் உண்மையில் பாக்டீரியா. ஊட்டி, கொடைக்கானல் போன்ற இடங்களில் நனைந்தபடி நிற்கும் சவாரிக் குதிரைகளுக்கு வர வாய்ப்பு அதிகம். முதல் மருந்து காய்ந்த இடத்தில் நிறுத்துவதுதான். காய்ந்த பொருக்கைப் பிய்த்து எடுக்காதீர்கள், குதிரைக்குப் பயங்கரமாக வலிக்கும். மருந்து நீரில் ஊறவைத்தால் தானே கழன்று வரும்.

ஆறவே ஆறாத புண்

புதிதாக வளர்ப்பவர்கள் அதிகமாக ஏமாறும் இடம் இது. சிவந்த சதை வளர்ந்து, கசிந்து, வாரக்கணக்கில் மூடாத புண். இதற்குப் பின்னால் குறைந்தது ஐந்து காரணங்கள் இருக்கலாம்.

எங்கள் பெட்டையின் கதைக்கு வருகிறேன். குதிரையின் வயிற்றில் வாழும் ஹேப்ரோனீமா என்ற புழுவின் குஞ்சுகள் லத்தியோடு வெளியே வருகின்றன. லத்தியில் வளரும் ஈப்புழு அவற்றைத் தின்கிறது. அந்த ஈப்புழு ஈயாகிப் பறக்கும்போது குஞ்சும் கூடவே போகிறது. ஈ குதிரையின் உதட்டில் உட்கார்ந்தால், குஞ்சு இறங்கி விழுங்கப்பட்டு, மறுபடி வயிற்றுக்குப் போய் வளர்ந்துவிடும். அதோடு சுற்று முடிந்தது. ஆனால் ஈ கண்ணின் ஈரத்திலோ, ஆண்குறியிலோ, காலில் இருக்கும் காயத்திலோ உட்கார்ந்தால், குஞ்சு அங்கே இறங்கி வழி தெரியாமல் மாட்டிக்கொள்கிறது. அங்கே அது வளரவும் முடியாது, வெளியே போகவும் முடியாது. அதை எதிர்த்து உடம்பு கடுமையாகப் போராடுவதால்தான் அந்தச் சதை வளர்ச்சி, அந்த அரிப்பு. சதைக்குள் நொய்யரிசி போல மஞ்சள் நிறத்தில் மணல் மணலாகத் துகள்கள் கிடைக்கும். வெயில் காலத்தில் வந்து குளிர் காலத்தில் அடங்கி, அடுத்த கோடையில் மறுபடி வரும். அதனால்தான் மருத்துவர் போன வருடத்தையும் லத்திக் குவியலையும் கேட்டார்.

குளம், சேறு, தேங்கிய நீரில் நிற்கும் குதிரைக்குக் காலிலோ அடிவயிற்றிலோ வந்த புண் நாளுக்கு நாள் பெரிதாகி, கோழை போல இழுபடும் நீர் வடிந்து, தாங்க முடியாத அரிப்பில் குதிரை அதைக் கடித்துக்கொள்ள ஆரம்பித்தால், பித்தியம் என்ற நீர்வாழ் நுண்ணுயிரியை நினைக்க வேண்டும். உள்ளே பவளத்துண்டு போலக் கிளைத்த, கரகரப்பான மஞ்சள் கட்டிகள் இருக்கும். பூஞ்சை மாதிரி தெரிந்தாலும் இது பூஞ்சை இல்லை. பல பூஞ்சை மருந்துகள் குறிவைக்கும் பொருள் இதன் செல் சவ்வில் கிடையாது. ஹேப்ரோனீமா புண்ணுக்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் வேகம். வாரங்கள் இல்லை, நாட்கள் கணக்கு. சின்னதாக இருக்கும்போதே அறுவை செய்தால் பிழைக்க வைக்கலாம்.

முழங்காலுக்குக் கீழே பட்ட காயத்தில் சதை புடைத்து, தோலின் ஓரத்தைத் தாண்டி வெளியே வளர்வது பொல்லாச் சதை. அந்தச் சதைக்கு நரம்பு கிடையாது, அதனால் வலிக்காது. ரத்தக் குழாய் ஏராளம், அதனால் தொட்டதும் வழியும். அரிப்பு பெரிதாக இருக்காது. குதிரையின் கீழ்க்காலில் தசை மூடாமல் தோல் இழுபட்டு நிற்பதால் இது சாதாரணமாக வரும். ஆனால் மேலே சொன்ன இரண்டும், அடுத்துச் சொல்லப்போகும் சார்காய்டும் இதே வேடத்தில் வரக்கூடும். அதனால் வெட்டி எடுத்த சதையைத் தூக்கி எறியாமல் ஆய்வகத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள்.

புற்று வகைத் தோல் கட்டிகளில் குதிரைகளுக்கு மிக அதிகமாக வருவது சார்காய்டுதான். மாடுகளுக்கு மரு உண்டாக்கும் வைரஸே இதற்குக் காரணம். நம் ஊரில் மாடும் குதிரையும் ஒரே கொட்டகையில் நிற்பதுண்டு, எனவே கவனம் தேவை. ஈக்களும் பரப்புவதாகக் கருதுகிறார்கள். ஒரு குதிரையில் வெறும் முடி கொட்டிய தட்டையான திட்டாகவும், இன்னொன்றில் சொரசொரப்பான மருவாகவும், வேறொன்றில் தோலுக்கடியில் உருண்டையாகவும், சில சமயம் பச்சைப் புண்ணாகவும் வரும். கண் இமை, காதருகே, அக்குள், தொடை இடுக்கு, பழைய காயத் தழும்பு ஆகியவை அதற்குப் பிடித்த இடங்கள். உடலுக்குள் பரவி உயிரை எடுக்காது. ஆனால் கயிறு கட்டி இறுக்குவது, அமிலம் வைப்பது, சூடு போடுவது எல்லாம் அதைச் சீண்டிவிடும். பேசாமல் இருந்த ஒரு சின்னத் திட்டு பெரிய புண்ணாக மாறுவது பெரும்பாலும் இப்படித்தான். ஒன்று முதல் மூன்று வயதுக் குட்டிகளின் மூக்கைச் சுற்றிக் கொத்தாக வரும் சின்ன மருக்கள் வேறு. அவை சில மாதங்களில் தாமாக உதிர்ந்துவிடும், விட்டுவிடலாம்.

வெள்ளைக் குதிரைகள்

கல்யாண ஊர்வலத்துக்கும் சாமி புறப்பாட்டுக்கும் வெள்ளைக் குதிரையைத்தான் கேட்கிறார்கள். ஆனால் வெள்ளையில் இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் வரும் ஆபத்தே வேறு. பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்து வயதாக ஆக வெளுத்த குதிரையின் தோல், முடிக்கு அடியில் கறுப்பாக இருக்கும். இந்தக் குதிரைகளுக்கு வாலின் அடியிலும், ஆசனவாயைச் சுற்றியும், உதட்டிலும், தாடை முடியும் இடத்திலும் கரிய உருண்டைகள் வரும். மெலனோமா என்ற நிறமிக் கட்டிகள். 15 வயதைத் தாண்டியவற்றில் பெரும்பாலானவற்றுக்கு இவை இருக்கும். பல வருடங்கள் மெதுவாக வளரும், பின்னாளில் சில கெட்டுப்போய் உள்ளே பரவும். சின்னதாக இருக்கும்போதே மருத்துவரிடம் காட்டி வைத்தால் எடுக்கலாமா, விடலாமா என்று நிதானமாக முடிவு செய்யலாம்.

நுக்ரா என்று சொல்லும் குதிரைகள் பிறவியிலேயே வெள்ளை, தோல் இளஞ்சிவப்பு. இவற்றுக்கு வெயில்தான் எதிரி. மூக்கு வெந்து தோல் உரியும். கண் இமையின் ஓரத்திலும், கண்ணின் உள் ஓரத்தில் இருக்கும் மூன்றாவது இமையிலும் ஆறாத சின்னப் புண்ணோ, சொரசொரப்பான சிவந்த சதையோ வந்தால், தோல் புற்றாக இருக்கலாம். எங்கள் பெட்டைக்கு வந்த அதே இடம்! செவலைக்கு அது ஹேப்ரோனீமாவாக இருந்தது. நுக்ராவுக்கு வந்திருந்தால் முதலில் புற்றைத்தான் சந்தேகித்திருக்க வேண்டும். குதிரையின் நிறமும் ஒரு தடயம் என்பதை அப்போதுதான் தெரிந்துகொண்டேன்.

இன்னும் இரண்டு மட்டும் சொல்லிவிடுகிறேன். கோடை வெயிலில் கழுத்திலும் தோளிலும் சின்னக் கட்டிகள் திடீரென்று உடைந்து ரத்தம் சொட்டி, தானே நின்றுவிடும். பாராபைலேரியா என்ற புழு தோலைத் துளைத்து முட்டையிடும் வேலை அது. ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன் வூதி என்ற சீனப் பேரரசர் பெரும்படை அனுப்பி நடு ஆசியாவின் பெர்கானாவிலிருந்து கொண்டுவந்த குதிரைகள் ரத்தமாக வியர்த்தன என்று சொல்வார்கள். அதற்கும் இந்தப் புழுதான் காரணமாக இருக்கலாம் என்று இன்றைய மருத்துவர்கள் சிலர் கருதுகிறார்கள். இரண்டாவது, தாடைக்கு அடியில் சூடான, வலிக்கும் வீக்கம், காய்ச்சல், மூக்கில் சீழ். இது தோல் கட்டி இல்லை, தொண்டை நிணநீர்க் கணுவைத் தாக்கும் தொற்று. மற்றக் குதிரைகளிடமிருந்து உடனே பிரிக்க வேண்டும்.

மருத்துவர் வருவதற்கு முன்

எதையும் தடவாதீர்கள். மஞ்சளும் மையும் சாம்பலும் பூசிய புண்ணில் மாதிரி எடுத்தால் பூசியதுதான் தெரியும். மருத்துவர் தேவைக்கேற்பத் தோலைச் சுரண்டி எடுப்பார், முடியைப் பிடுங்கிப் பூஞ்சை வளர்க்க அனுப்புவார், கண்ணாடித் தகட்டைப் புண்ணில் ஒற்றி நுண்ணோக்கியில் பார்ப்பார், சின்னத் துண்டு வெட்டி பயாப்சிக்கு அனுப்புவார். பூஞ்சை வளர இரண்டு மூன்று வாரம்கூட ஆகும், பொறுத்திருக்க வேண்டும். தமிழ்நாட்டில் 1962 என்ற இலவச எண்ணை அழைக்கலாம். சென்னை வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கும் கொண்டு போகலாம்.

அதுவரை தினமும் ஒரே நேரத்தில், ஒரே தூரத்தில், பக்கத்தில் ஒரு ஐந்து ரூபாய் நாணயத்தைப் பிடித்து ஒரு போட்டோ எடுத்து வையுங்கள். வளர்கிறதா, எவ்வளவு வேகம் என்று மருத்துவருக்குச் சொல்ல அதைவிட நல்ல சாட்சி இல்லை. புண்ணில் புழு நெளிந்தால் மட்டும் காத்திருக்காமல் அன்றே கூப்பிடுங்கள்; சதையைத் தின்னும் ஈயின் புழு ஒரே நாளில் ஆழமாகப் போய்விடும்.

மாட்டுக்கு வாங்கி வைத்த மருந்தைக் குதிரைக்குப் போடும் பழக்கத்தை மிகுந்த கவலையோடு சொல்கிறேன். மாட்டு உண்ணிக்குத் தெளிக்கும் அமிட்ராஸ் குதிரையின் குடல் இயக்கத்தை நிறுத்திவிடும், வயிற்றுவலியில் குதிரை சாகக்கூடும். ஐவர்மெக்டின் குதிரைக்கு நல்ல மருந்துதான், ஆனால் வாயில் கொடுக்கும் பசையாக, எடைக்கேற்ற அளவில். மாட்டு ஊசியாக வேண்டாம். கழிவு எண்ணெய், மண்ணெண்ணெய், பினாயில், சுண்ணாம்பு எதுவும் புண்ணுக்கு மருந்து இல்லை.

எங்கள் பெட்டைக்கு மருத்துவர் புண்ணை மரக்கச் செய்து, சிறு கரண்டியால் சுரண்டினார். கண்ணாடித் தகட்டில் ஐந்தாறு மஞ்சள் துகள்கள் விழுந்தன. "பாருங்க, இதுதான்" என்று காட்டினார். குடற்புழுப் பசை கொடுத்தார், சில நாட்களுக்கு வீக்கம் தணிக்கும் மருந்து கொடுத்தார், கண்ணுக்கு வலைத்துணியில் ஒரு முகமூடி தைக்கச் சொன்னார். லத்திக் குவியலைக் கொட்டகையிலிருந்து தூரமாகத் தள்ளி, மேலே தார்ப்பாய் போட்டு மூடினோம். வெயில் காலத்தில் ஈ முட்டையிலிருந்து பறக்க ஒரு வாரம் பத்து நாள் போதும் என்பதால் இப்போது தினமும் இரண்டு வேளை லத்தி அள்ளுகிறோம். ஆடி முடிவதற்குள் புண் மூடிவிட்டது. கண்ணோரத்தில் முடி முளைக்காத ஒரு சின்ன வெண்தழும்பு மட்டும் இருக்கிறது. ஒவ்வொரு பங்குனியிலும் தேய்த்துவிடும்போது என் விரல் முதலில் அங்கேதான் போகிறது.